உன் ஊகத்தைக் கூண்டில் ஏற்று!

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு நடக்கும் நாளில் ஆய்வகத்துக்கு வெளியே நின்று பார். முதல் அணியில் உள்ளே போய் வந்தவனிடம் அடுத்த அணிக்காரன் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சால்ட்டு?" என்பதுதான். விடை தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. சோதனைக் குழாயைத் தொடாமலே அவன் எழுதுவான்: உப்புக் கரைசலுடன் சில்வர் நைட்ரேட் சேர்க்க, தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு உண்டாகிறது, ஆகவே குளோரைடு உள்ளது. முழு மதிப்பெண். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்து. அந்த வெள்ளையை அவன் கண் பார்த்ததே கிடையாது.

இதே சில்வர் நைட்ரேட்டை நம்பி 1854-ல் லண்டன் தெருக்களில் ஒரு மனிதர் அலைந்தார். கதவு கதவாகத் தட்டினார். "இந்த வீட்டில் காலராவில் இறந்துபோனவர் எந்தக் கம்பெனித் தண்ணீரைக் குடித்தார்?" என்று கேட்டார். வீட்டாருக்குத் தெரியவில்லை என்றால், ஒரு சின்னக் குப்பியில் அந்த வீட்டுத் தண்ணீரைப் பிடித்து, அதன்மேல் முகவரியை எழுதிப் பையில் போட்டுக்கொண்டார். வீடு திரும்பி ஒவ்வொரு குப்பியிலும் சில்வர் நைட்ரேட் விட்டார். ஒன்று வெள்ளை வெளேரென்று திரிந்தது. இன்னொன்று லேசாகக் கலங்கியதோடு சரி. அந்த வித்தியாசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அன்றைய மருத்துவ உலகத்தின் பெரிய தலைகளை எதிர்த்து நின்றார். அவர் பெயர் ஜான் ஸ்னோ.

தம்பி, தங்கச்சி, உன் மேசையில் இருந்ததும் அதே மருந்துதான். அவரிடம் கேள்வி இருந்தது. உன்னிடம் விடை இருந்தது, அதுவும் ஜன்னல் வழியே இரவல் வாங்கிய விடை. படிக்கும்போது சுருக்கென்று இருக்கிறதா? இருக்கட்டும். அந்தச் சுருக் இல்லாமல் இந்தக் கட்டுரையை மேலே படித்துப் பயன் இல்லை.

மேடையில் ஏறி "உன்னால் முடியும்" என்று முழங்குகிறவர்களை நீ நிறையக் கேட்டிருப்பாய். அரங்கம் அதிரும். கைதட்டல் பறக்கும். வரும் வழியிலேயே ஸ்டேட்டஸ் போடுவாய். மறுநாள் காலை பஸ் ஏறும்போது அந்த நம்பிக்கையைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது யாரோ கொடுத்தது, நீ சோதித்துச் சம்பாதித்தது இல்லை. "நான் நினைப்பதுதான் சரி" என்று கத்துவதற்குத் தொண்டை இருந்தால் போதும். "நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், வா, பார்த்துவிடலாம்" என்று தன் ஊகத்தைத் தானே கூண்டில் ஏற்றி, எதிர்த்தரப்பு வக்கீலாகவும் தானே நின்று குறுக்கு விசாரணை செய்கிறானே, அவனுக்குத்தான் முதுகெலும்பு வேண்டும். நான் தன்னம்பிக்கை என்று சொல்வது அதை. கல்லூரியில் அதற்கு ஆராய்ச்சி முறையியல் என்று பெயர் வைத்து, ஐந்து யூனிட்டாகப் பிரித்து, தூங்க வைக்கிறார்கள்.

தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பாட்டிகள் எல்லோரும் சொன்னார்கள். எப்படி விசாரிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்னோவின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் அது விளங்கும்.

யார்க் நகரத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர் அவர். 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் வேலை பழகச் சேர்ந்தார். முதல் காலரா அலை இங்கிலாந்தைத் தாக்கியபோது, 18 வயதுப் பையனான அவரைக் கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்க அனுப்பினார்கள். நம் ஊரில் வாந்திபேதி என்று பெயர் சொல்லவே பயந்த நோய் அது. காலையில் ஏர் பூட்டியவன் சாயங்காலம் பாடையில் போவான். நாம் அம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். லண்டன் பெரியவர்களோ கெட்ட காற்றுதான் காரணம் என்று சாதித்தார்கள். சாக்கடை நாறுகிறது, அங்கே ஆட்கள் சாகிறார்கள், ஆகவே நாற்றம்தான் கொல்கிறது. எவ்வளவு சுலபமான முடிவு! இரண்டு விஷயம் ஒன்றாக வந்தாலே ஒன்று மற்றதைப் பெற்றது என்று சொல்லிவிடும் சோம்பல் மூளை அவர்களுக்கும் இருந்தது. இன்று காலை வாட்ஸ்அப்பில் வந்த ஃபார்வேர்டை அடுத்த குழுவுக்குத் தள்ளிய நமக்கும் இருக்கிறது.

ஸ்னோ நோயாளியைப் பார்த்தார். முதலில் தாக்கப்படுவது குடல். வாந்தி, பேதி, அதன்பிறகே மற்றதெல்லாம். மூக்கு வழியே போன விஷம் என்றால் மூச்சை அல்லவா முதலில் பிடிக்க வேண்டும்? குடலில் தொடங்குகிறது என்றால் வாய் வழியே போயிருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரில் கழிவு கலக்கிறதோ? இதுதான் ஊகம். 1849-ல் இதை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். விமர்சித்த மருத்துவ இதழ் ஒன்று இது நிரூபணம் ஆகாது என்றது. நோயே இல்லாத தொலைதூர இடத்துக்கு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய், குடித்தவருக்கு மட்டும் நோய் வந்து, குடிக்காதவர் தப்பினால் அப்போது பார்க்கலாம் என்றது.

இந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? "பொறாமை பிடித்தவர்கள்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாய். அல்லது சுருண்டு படுத்திருப்பாய். நம்மிடம் இந்த இரண்டுதான் கைவசம். ஸ்னோ அந்த விமர்சனத்தை வேலைப் பட்டியலாக எடுத்துக்கொண்டார். எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள் என்பதை எதிராளியே சொல்லிவிட்டான். இனி அதைத் தேட வேண்டியதுதான்.

ஐந்து ஆண்டு கழித்து அது கிடைத்தது. 1854 ஆகஸ்ட் 31 இரவு, லண்டன் சோஹோ பகுதியில் பிராட் தெருவைச் சுற்றி நோய் வெடித்தது. பத்து நாளில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். பிணங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரு கைப்பம்பைச் சுற்றியே விழுந்திருப்பதை ஸ்னோ கண்டார். சாதாரண ஆள் அங்கேயே வெற்றி முழக்கம் போட்டிருப்பான். ஆனால் பம்பைச் சுற்றிச் சாவு அதிகம் என்பது காற்றுக் கட்சிக்கும் பொருந்தும். அந்தத் தெருவில் காற்று கெட்டிருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆகவே அவர் தன் கட்சிக்கு ஒத்துவராதவர்களைத் தேடிக்கொண்டு போனார். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தும் சாகாதவர்கள் யார்? பம்புக்கு எட்டாத தூரத்தில் இருந்தும் செத்தவர்கள் யார்?

பக்கத்திலேயே ஏழைகளுக்கான தொழில் இல்லம் ஒன்று இருந்தது. 535 பேர் அங்கே. சுற்றிலும் வீடுகள் காலியாகிக்கொண்டிருக்க, இங்கே செத்தவர்கள் 5 பேர்தான். போய்ப் பார்த்தால், உள்ளேயே தனிக் கிணறு. அதே பிராட் தெருவில் ஒரு பீர் ஆலை. 70 தொழிலாளர்களுக்கு மேல் இருந்தும் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பானம் கிடைத்தது, ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். தண்ணீர்தான் வேறு.

மறுபக்கம் இன்னும் அழுத்தமானது. பல மைல் தள்ளி ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில், காலராவே இல்லாத ஊரில், ஒரு விதவை இறந்திருந்தார். ஸ்னோ அவர் மகனைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி அவ்வளவு பிடிக்குமாம், தினமும் வண்டியில் ஒரு பெரிய பாட்டில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதைக் குடித்துவிட்டு, வேறு பகுதியில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போய் இறந்தார். 1849-ல் விமர்சகர் கேட்ட சாட்சி இதுதான்: நோயில்லாத ஊர், தொலைதூரம், அதே தண்ணீர். உள்ளூர் நிர்வாகக் குழுவிடம் ஸ்னோ விஷயத்தைச் சொன்னார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

கைப்பிடியைக் கழற்றினார், காலரா ஓடியது என்று கதை சொல்லுவார்கள். ஸ்னோ அப்படிச் சொல்லவில்லை! ஆட்கள் ஊரைவிட்டு ஓடியதால் நோய் ஏற்கெனவே குறையத் தொடங்கிவிட்டது, ஆகவே கைப்பிடியைக் கழற்றியதால்தான் நின்றதா என்று தீர்மானிக்க முடியாது என்று அவரே தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். தனக்குச் சாதகமான, ஊரே கைதட்டத் தயாராக இருக்கிற ஒரு சாட்சியத்தை, இது செல்லாது என்று தானே தள்ளிவிடுகிற அந்தத் திமிரைக் கவனி. தன் மற்ற சாட்சியங்கள்மீது அவ்வளவு உறுதி இருப்பவனால்தான் அது முடியும். மார்க்குக்காகப் பியூரெட் அளவை மூன்று தடவையும் ஒன்றுபோலவே எழுதி வைத்தாயே, அப்போது உனக்கு இருந்தது பயம்.

மேலே சொன்ன குப்பி வேட்டையும் அதே ஆண்டில்தான் நடந்தது. தென் லண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருவில் குழாய் போட்டிருந்தன. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒன்றுக்கு லாம்பெத் கம்பெனி, அடுத்ததற்கு சௌத்வர்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி. பணக்காரன், ஏழை என்ற வித்தியாசம் இல்லாமல் கலந்துகிடந்தார்கள். லாம்பெத் 1852-லேயே தண்ணீர் எடுக்கும் இடத்தை தேம்ஸ் நதியின் மேல்பகுதிக்கு, நகரத்துச் சாக்கடை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டது. மற்றது ஓதம் ஏறுகிற, சாக்கடை கலக்கிற பட்டர்ஸீயிலேயே எடுத்தது. ஆகவே அதன் தண்ணீரில் உப்பு ஏறத்தாழ 40 மடங்கு அதிகம். சில்வர் நைட்ரேட் காட்டிக்கொடுத்தது அதைத்தான்.

எந்த ஆராய்ச்சியாளனும் திட்டமிட்டுச் செய்ய முடியாத சோதனையை இரண்டு கம்பெனிகளின் வியாபாரப் போட்டி செய்து வைத்திருந்தது. கண்ணெதிரே கிடந்த அதை எடுத்து எண்ண ஒருவர் வேண்டியிருந்தது. அரசுப் பதிவாளர் அலுவலகத்தில் இறந்தவர்களின் முகவரிகளை வாங்கிக்கொண்டு ஸ்னோ நடந்தார். ஒரு பகுதியை மட்டும் இன்னொரு மருத்துவர் பார்த்துக் கொடுத்தார். முதல் நான்கு வாரத்தில் 334 சாவுகள். அதில் 286 வீடுகள் சௌத்வர்க் கம்பெனித் தண்ணீர், 14 வீடுகள் லாம்பெத். உடனே துள்ளிக் குதிக்கவில்லை. சௌத்வர்க் கம்பெனிக்கு வாடிக்கையாளர்களே அதிகம் என்றால்? அதனால் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தார். ஏழு வாரக் கணக்கில் 10,000 வீட்டுக்கு 315 சாவு ஒரு பக்கம், 37 சாவு இன்னொரு பக்கம். இந்த வகுத்தல் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதைச் செய்யத் தோன்றியதுதான் ஆராய்ச்சி. "அந்தக் கோச்சிங் சென்டரில் 200 பேர் பாஸ்" என்று பேனர் கட்டுகிறார்களே, எத்தனை பேர் எழுதினார்கள் என்று நீ என்றைக்காவது கேட்டிருக்கிறாயா?

1855-ல் இதையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போட்டார். கைக்காசு 200 பவுண்டுக்கு மேல் செலவு. திரும்பி வந்தது 200 ஷில்லிங்கைக்கூட எட்டவில்லை. 1858-ல், 45 வயதில், செத்தும் போனார். அவர் வாழ்நாளில் மருத்துவ உலகம் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹென்றி வைட்ஹெட், அந்தப் பகுதியின் இளம் பாதிரியார். ஸ்னோ சொல்வது தப்பு, நான் நிரூபிக்கிறேன் என்று கிளம்பினார். அவருக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு குடும்பமும் தெரியும். வீடு வீடாக, ஒரே வீட்டுக்கு மறுபடி மறுபடி போய் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோவின் கட்சிதான் பலப்பட்டது. கடைசியில் நோயின் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்தவரே அவர்தான். பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் பேதியால் இறந்த ஒரு கைக்குழந்தை. அதன் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் கொட்டிய கழிவுக்குழி. குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் மூன்றடிகூட இடைவெளி இல்லை, செங்கல் இடிந்து கசிந்துகொண்டிருந்தது. எதிர்க்கட்சியில் சேர்ந்து கிளம்பி, உண்மையின் கட்சியில் வந்து நின்று, அதைப் பகிரங்கமாகச் சொன்ன வைட்ஹெட்டை நான் ஸ்னோவுக்குச் சமமாக வைப்பேன். கட்சி மாறினால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிற நம் ஊர்ப் பட்டிமன்ற மூளைக்கு இது புரிவது கஷ்டம்.

வெள்ளைக்காரர்களோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். "அவர்களுக்கு வசதி இருந்தது" என்று நீ நழுவிவிடுவாய். ஆகவே கல்கத்தாவுக்கு வா.

சம்பு நாத் டே. 1915-ல் வங்காளத்து ஹூக்ளி மாவட்டக் கிராமம் ஒன்றில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, லண்டனில் வேறொரு தலைப்பில் டாக்டர் பட்டம் வாங்கி, ஊருக்குத் திரும்பினார். மனசெல்லாம் காலரா. காலரா கிருமியை ராபர்ட் காக் 1884-லேயே இதே கல்கத்தாவில் உறுதிப்படுத்திவிட்டுப் போயிருந்தார். அந்தக் கிருமி ஏதோ ஒரு விஷத்தைச் சுரந்து கொல்கிறது என்றும் அவர் கருதினார். அதன்பிறகு எத்தனையோ ஆய்வகங்கள் முயன்றும் அந்த விஷத்தை யாராலும் காட்ட முடியவில்லை. விலங்குகளின் வயிற்றுக்குழியிலும் ரத்தத்திலும் கிருமியை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். விலங்கு செத்தது. காலரா வரவில்லை.

டே கேட்ட கேள்வி குழந்தை கேட்பது போன்றது. மனிதனுக்குக் காலரா எங்கே வருகிறது? குடலுக்குள். அப்படியென்றால் குடலுக்குள் வைத்துப் பார்க்காமல் ஏன் வேறெங்கோ குத்துகிறோம்? மயக்கம் கொடுத்த முயலின் சிறுகுடலை வெளியே எடுத்து, ஒரு பகுதியின் இரண்டு முனையையும் நூலால் கட்டினார். அந்தக் கட்டுக்குள் காலரா கிருமியைச் செலுத்தினார். அதே குடலில் இன்னொரு பகுதியையும் அப்படியே கட்டி, அதில் கிருமி இல்லாமல் விட்டார். வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தால், கிருமி போன கட்டு நீர் கோத்து உப்பிக் கிடந்தது, கிருமி போகாத கட்டு தட்டையாகவே இருந்தது. அந்த இரண்டாவது கட்டின் அருமை புரிகிறதா? அது இல்லாவிட்டால், நூலால் கட்டியதாலேயே வீங்கியிருக்கும் என்று எவனும் சொல்லலாம். அதே முயல், அதே குடல், அதே நூல், அதே இரவு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒப்பீட்டுக் கட்டுப்பாடு என்று பாடப்புத்தகம் இதைத்தான் சொல்கிறது. 1953-ல் இந்த முறையை வெளியிட்டார்.

அதோடு விடவில்லை. கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத தெளிவை மட்டும் குடல் கட்டுக்குள் செலுத்தினார். அப்போதும் உப்பியது! கிருமியே இல்லை, ஆனால் காலரா வேலை நடக்கிறது. விஷம் அங்கே பிடிபட்டது. 1959-ல் நேச்சர் இதழில் சின்னக் கட்டுரையாக வந்தது. பெரிய கருவி இல்லை. சொந்த இடத்தில் இல்லாத வசதிக்குப் பக்கத்து நிறுவனத்தின் கதவைத் தட்டினார். ஊசி, நூல், முயல், வடிகட்டி, இவற்றுக்கெல்லாம் மேலாக ஒழுங்கான ஒரு கேள்வி. நம் நாடு அவரைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது நம் வெட்கம். 1978-ல் ஸ்வீடனில் காலரா பற்றி நோபல் கருத்தரங்கு நடந்தபோது அழைப்பு வந்தது அவருக்கு. நோபல் பரிசு வாங்கிய ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985-ல் இறந்தார். விருது வந்ததா, வரவில்லையா என்பதை வைத்து ஒரு ஆராய்ச்சியை எடை போடுகிறவன் சினிமா பத்திரிகை படிக்கட்டும்.

இன்னொரு வங்காளி, திலீப் மஹலனாபிஸ். 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பன்கான் அகதிகள் முகாமில் காலரா. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால் காலரா குடல்கூடத் தண்ணீரை உறிஞ்சும் என்று 1968-ல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் ஒப்பிட்டுச் சோதித்துக் காட்டியிருந்தார்கள். அதை அவர் படித்திருந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பாலிதீன் பையில் எடை போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, முகாமில் டிரம்மில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. பிணங்களுக்கு நடுவே முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்த அவருக்கு நேரமில்லை, நடத்தியிருந்தால் மனசாட்சியும் விட்டிருக்காது. அந்த வேலையை டாக்கா ஏற்கெனவே செய்துவிட்டது. அவருடைய துணிச்சல் சாட்சியத்தின்மேல் நின்ற துணிச்சல், குருட்டுத் தைரியம் இல்லை. இன்று தெருமுனை மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்டு வாங்குகிறாயே, அதன் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

இப்போது உன் பக்கம் வருகிறேன். நீ சொல்லப்போகும் சாக்கு எனக்குத் தெரியும். லேப் இல்லை. ஸ்னோவுக்கு இருந்தது குப்பியும் செருப்பும். கைடு சரியில்லை. வைட்ஹெட்டுக்குக் கைடு அந்தத் தெருக்காரர்கள். இங்கிலீஷ் வராது. உப்பிய குடலும் தட்டையான குடலும் எந்த மொழியும் பேசவில்லை. கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிறார்கள். சொல்லட்டுமே! அந்தப் பட்டத்துக்குப் பயந்து வாயை மூடிய பிள்ளைகளால்தான் நம் வகுப்பறைகள் நிரம்பிக் கிடக்கின்றன. கடைசி வருஷம் புராஜெக்ட் சென்டருக்குப் போய், தலைப்பு, கோட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே விலைக்கு வாங்கி, வைவாவில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அங்கேயே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறாயே, அது அப்பா அனுப்பிய காசுக்குச் செய்யும் துரோகம் என்பதைவிட, உன் மூளைக்கு நீ செய்யும் அவமானம். நீயே கண்டுபிடிக்க ஒரு சின்ன விஷயம்கூட இந்த உலகத்தில் இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாய்.

ஒன்று செய். கொத்தமல்லியை முழுசாக விதைத்தால் முளைக்கத் தாமதமாகும், லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையா? யாரையும் கேட்காதே. யூடியூப்பைத் திறக்காதே. ஒரே மாதிரி இரண்டு தட்டு, ஒரே மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்த மண், ஒரே பாக்கெட் மல்லி. எந்தத் தட்டில் உடைத்தது, எதில் முழுசு என்பதைக் காசு சுண்டித் தீர்மானி, ஏனென்றால் உனக்குப் பிடித்ததை வெயில் படும் பக்கம் வைக்க உன் கை தானாகப் போகும். ஒரே டம்ளரில் அளந்து தண்ணீர் ஊற்று. தொடங்கும் முன் உன் ஊகத்தைத் தேதி போட்டு எழுது, முடிவைப் பார்த்த பிறகு "நான் அப்போதே நினைத்தேன்" என்று புளுக முடியாதபடி.

ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு மல்லி உருண்டைக்குள் இரண்டு விதை. 50 உருண்டையை உடைத்தால் 100 பாதி. 50 பாதியையும் 50 முழு உருண்டையையும் ஒப்பிட்டால் கணக்கே கோணல், முழு உருண்டையிலிருந்து இரண்டு முளை வரலாம். ஆகவே எதை எண்ணப் போகிறாய், முளைத்த நாளையா, முளைகளின் எண்ணிக்கையையா என்பதை முன்பே தீர்மானி. அப்புறம், எண்ணும் வேலையை உன் தங்கையிடம் கொடு. எது எந்தத் தட்டு என்று அவளுக்குச் சொல்லாதே. மண்ணைக் கீறிக்கொண்டு பாதி தலை நீட்டிய முளையை எண்ணுவதா விடுவதா என்று வரும்போது, ஆசை உள்ள கண் ஒன்று கூட்டித்தான் எண்ணும். பெரிய மருந்துக் கம்பெனிகளின் சோதனைகளில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று மருத்துவருக்கே தெரியாமல் வைப்பது இதே காரணத்துக்காகத்தான்.

ஒரு தடவை செய்துவிட்டு முடிவு சொல்லாதே. தட்டை இடம் மாற்றி வைத்து மறுபடி செய். உன் ஊகம் தோற்றால், அதை முதல் வரியிலேயே எழுது. ஜெயித்தால், எதனால் அது தப்பாக இருக்கக்கூடும் என்று மூன்று காரணம் எழுது. பிறகு உன் நண்பர்களில் எவன் உன்னை அதிகம் மட்டம் தட்டுவானோ அவனிடம் நோட்டைக் கொடுத்துக் குறை சொல்லச் சொல். அவன் சொல்வதில் நியாயம் இருந்தால் திருத்திச் செய். இல்லையென்றால், ஏன் இல்லை என்பதைத் தட்டுகளை வைத்துக் காட்டு.

உடைத்த மல்லி ஜெயித்ததா, முழு மல்லி ஜெயித்ததா என்று நான் சொல்லப்போவதில்லை. அடுக்களை டப்பாவைத் திற, ஐம்பதை எண்ணி எடு, இன்றைக்கே தொடங்கு.